முதல் தண்ணி

சேத்தியாத்தோப்பில் எங்கள் தெருவில் வாஷிங் மெஷின் இல்லாத வீடு கிடையாது. துவைக்கிற கல் இல்லாத வீடும் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவே, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் குனிந்து நிற்பார். அவர்தான் முதல் தண்ணிக்காரர். மெஷினில் போடுவதற்கு முன்னால் துணியைத் துவைத்துவிடுகிறவர்.

இவர்கள் தனிக் கட்சி. பாத்திரம் தேய்க்க ஆள் வருவதற்குள் பாத்திரத்தைத் தேய்த்து வைப்பார்கள். முடிவெட்டப் போகும்போது தலைக்கு எண்ணெய் தடவி வகிடு எடுத்துக்கொண்டு போவார்கள். எட்டு மணி பஸ்ஸுக்கு ஆறரைக்கே வந்து, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துவிடாமல் காத்திருப்பார்கள்.

எங்கள் தெருவில் இந்தக் கட்சிக்குத் தலைவர் எதிர்வீட்டுப் பெரியப்பா. நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பெங்களூரில் இருக்கும் மகன், முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான். அதற்குப் பூப்போட்ட உறை. உறைக்கு மேலே ஒரு டவல்.

காலை ஐந்தரைக்குத் தொப், தொப் என்று சத்தம் கேட்கும். சட்டைக் காலரை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் விரித்துப் பிடித்து, சோப்பை ஒரு இழுப்பு இழுத்து, பிரஷ்ஷால் எட்டுத் தேய்ப்பு. ஏழும் கிடையாது, ஒன்பதும் கிடையாது. அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். முகர்ந்தும் பார்ப்பார். அலசி, பிழிந்து, உதறி, அதற்குப் பிறகுதான் சட்டைக்கு மெஷினுக்குள் நுழைய அனுமதி.

"அப்ப மெஷினுக்கு என்ன வேலை பெரியப்பா?"

"அழுக்குத் துணியப் போட்டா மெஷின் அழுக்காயிடாதா தம்பி?"

இதற்கு மேல் வாதாடினால் அவர் சுரங்கத்துக்குள் இறங்கிவிடுவார். "1957 மே மாசம் நேரு வந்து தொடங்கி வச்சாரு. கரி எப்ப கண்ணுல பட்டுச்சு? 61 ஆகஸ்ட்ல. நாலு வருஷம் என்ன பண்ணாங்க? மேல்மண்ண எடுத்தாங்க!" ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து, ஆறு கனமீட்டர் மேல்மண்ணைத் தள்ள வேண்டும் என்பார். கரிக்கு அடியிலோ தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை ராத்திரி பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு பீறிடும். "முதல்ல மேல இருக்கறத எடுக்கணும் தம்பி. கரியோ காலரோ, கணக்கு ஒண்ணுதான்."

பொங்கலுக்கு வந்த மகன் ஒருநாள் இந்தத் தொப் தொப்பில் தூக்கம் கலைந்து எழுந்து வந்தான். பூப்போட்ட உறையை விலக்கி, சோப்புத்தூள் போடும் இழுப்பறையை வெளியே இழுத்தான். உள்ளே மூன்று அறைகள். ஒன்றில் I என்றும் இன்னொன்றில் II என்றும் போட்டிருந்தது. மூன்றாவதில் பூ.

"அப்பா, நீங்க கல்லுல பண்றத இதுவே பண்ணும். பிரீவாஷ்னு பேரு. இந்த ஒண்ணாம் நம்பர்ல கொஞ்சம் தூள் போட்டா, கால் மணி, இருபது நிமிஷம் முதல்ல துவைச்சு அழுக்குத் தண்ணிய வெளிய தள்ளிடும். அப்புறம் ரெண்டாம் நம்பர்ல இருக்கற தூளோட புதுத் தண்ணியில திரும்பத் துவைக்கும்."

உள்ளேயிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்: "இதுல என்ன அதிசயம்? அந்தக் காலத்துல உவர்மண்ணுல ஊறவச்சுட்டுத்தானே வெள்ளாவி வச்சாங்க? ரத்தக்கறைய மொதல்ல பச்சத்தண்ணியில அலசணும், வெந்நீர் பட்டாப் பிடிச்சுக்கும்னு எங்கம்மாவே சொல்லுவாங்க."

பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன்னைப் போலவே சந்தேகப்படுகிற ஒருத்தன் மெஷினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தார். பரீட்சைக்கு ஒரு துணி வேண்டுமே! வயலில் சேறு பூசிக்கொண்டு வந்த வேட்டி, கல்லைத் தொடாமல் நேராக உள்ளே போனது. வரலாற்றில் முதல் முறை.

கண்ணாடிக் கதவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். உள்ளே தண்ணீர் முதலில் டீ நிறமானது, பிறகு வரக்காப்பி நிறமானது. மெஷின் ஒரு முனகு முனகியதும் பெரியப்பா கொல்லைப்பக்கம் ஓடினார். தென்னைக்குப் போகும் குழாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார். மகனுக்குக் காட்டினார். தெருவில் போன எனக்கும் கூப்பிட்டுக் காட்டினார். "ஆளு வேலக்காரன்தான்!" என்றார். சுரங்கத்தில் யாரையும் அவர் அப்படிப் பாராட்டியதாகக் கேள்வி இல்லை.

துவைக்கிற கல்லுக்கும் அதோடு ரிட்டயர்மென்ட் என்று நினைத்துப் படுத்தேன். மறுநாள் ஐந்தரைக்குத் தொப், தொப்.

"என்ன பெரியப்பா, பிரீவாஷ் போடலையா?"

"போடாம? தினமும் போடத்தான் போறேன்."

"பின்ன இது?"

காலரைத் தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "நேத்து அந்தத் தண்ணி எவ்வளவு அழுக்கா வந்துச்சுன்னு நீயே பாத்தல்ல? அத அப்படியே உள்ள விட்டா மெஷின் என்னத்துக்கு ஆகும்?"

அன்றைக்குத் தென்னைக்குப் போன முதல் தண்ணி, சோப்பு வாசனை மட்டும் இல்லையென்றால், விருந்தாளிக்கே சொம்பில் கொடுக்கலாம் போலிருந்தது.