பதினொரு வரியின் மகிமை

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோரின் அடக்கம் மெச்சத்தக்கது. ஓர் எண் ஒற்றைப்படையா என்று பார்க்கும் பொறுப்பைக்கூட அவர்கள் தம் தலையில் போட்டுக்கொள்வதில்லை. என்பிஎம் என்ற பொதுக் களஞ்சியத்தில் அதற்கென்றே ‘இஸ்-ஆட்’ என்ற நிரல் பொதி இருக்கிறது.

இரட்டைப்படையா என்று அறிய ‘இஸ்-ஈவன்’. அது இஸ்-ஆடைக் கேட்டு, வந்த பதிலைத் தலைகீழாக்கித் தரும். இஸ்-ஆடோ, கையில் கிடைத்தது எண்தானா என்று ‘இஸ்-நம்பர்’ பொதியிடம் விசாரிக்கும். யாரும் தன்னிச்சையாக முடிவெடுப்பதில்லை. நிர்வாகம் என்றால் இதுவல்லவா!

2016 மார்ச்சில், பெயர்த் தகராறு ஒன்றில் மனம் கசந்த ஒருவர் தம் பொதிகளை எல்லாம் உருவிக்கொண்டார். அவற்றில் ஒன்று ‘லெஃப்ட்-பேட்’. எழுத்துச் சரத்தின் இடப்பக்கத்தை நிரப்பும் 11 வரிகள். அவை போனதும் பேபல், ரியாக்ட் போன்ற பிரபல நிரல் கருவிகளை நம்பிய திட்டங்கள் உலகெங்கும் படுத்தன. வேறெந்த 11 வரிக்கு இத்தனை மரியாதை கிடைத்திருக்கிறது? என்பிஎம் நிர்வாகமே முன்வந்து, நீக்கியதை மீட்டு வைத்தது.

பிறகு விதி இறுகியது. மற்றப் பொதிகள் சார்ந்திருக்கும் ஒன்றை, உரியவரே நினைத்தாலும் தம் இஷ்டத்துக்கு நீக்க முடியாது.

2024 தொடக்கத்தில் அந்த விதிக்கு உண்மையான பக்தர்கள் வாய்த்தார்கள். ‘எவ்ரிதிங்’ என்றொரு பொதி. களஞ்சியத்தில் உள்ள அத்தனையையும் சார்ந்திருப்பதே அதன் ஒரே பணி. பாதுகாப்பு பூரணமாயிற்று. இனி யாரும் எதையும் நீக்க முடியாது.

எவ்ரிதிங்கை வெளியிட்டவர்களாலும் அதை நீக்க முடியவில்லை. நிர்வாகத்திடம் மனுப் போட்டார்கள்.