மேன்மை தங்கிய தர மதிப்பீட்டுக் குழுவினர் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய குழுவினர் அவர்களுக்கு,



அங்கன்வாடி என்னும் பெயரால் ஊர்தோறும் நடந்துவருகிற குழந்தைகள் மையங்களின் தரத்தை அளப்பதையும், அளந்த தரத்தை மேலும் உயர்த்துவதையும் தங்கள் கடமையாக ஏற்று, கோப்பும் ஜீப்புமாகத் தாங்கள் செய்துவரும் சஞ்சாரத்தை, ஜீவிதத்தின் பெரும்பகுதியைப் பதிவேடுகளின் நடுவே கழித்து ஓய்வுபெற்றவனும், தற்போது பேத்தியைக் காலையில் மையத்தில் விட்டுப் பிற்பகலில் திரும்ப அழைத்துவரும் உத்தியோகம் பார்ப்பவனுமான நான், மிகுந்த சிரத்தையோடு கவனித்து வருகிறேன். கட்டம் போட்ட காகிதத்தைக் கண்டால் கைகூப்புகிற வர்க்கத்தைச் சேர்ந்தவன் நான். ஆகையால் இந்த விண்ணப்பத்தை ஒரு விரோதியின் குரலாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது.

சென்ற முறை தங்கள் பிரதிநிதி ஒருவர் எங்கள் தெருவிலுள்ள மையத்துக்கு விஜயம் செய்தார். அவர் வருகிற செய்தி முதல்நாள் மாலையே வந்துவிட்டபடியால், விடிவதற்குள் வாசலில் பெரிய கோலம் விழுந்தது, பாய்கள் உதறப்பட்டன, எப்போதும் பூட்டியே இருக்கும் இரும்பு பீரோவிலிருந்து மரக்குதிரையும், வர்ணக் கட்டைகளும், துணிப்பொம்மைகளும், உற்சவமூர்த்திகள் வருஷத்துக்கு ஒருமுறை வீதிக்கு எழுந்தருளுவதைப் போல வெளியே வந்து வரிசையாக அமர்ந்தன. பிரதிநிதி அவற்றை எண்ணிப் பார்த்தார். இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் உடையவில்லை என்று கண்டு திருப்தியுற்று, விளையாட்டுப் பொருள்கள் நல்ல நிலையில் உள்ளன என்று எழுதினார். அது முழுச் சத்தியம். பொம்மை உடைந்தால் பதிவேட்டில் ஒன்று குறையும், குறைந்ததற்கு டீச்சர் விளக்கம் எழுதித் தரவேண்டும், விளக்கம் ஏற்கப்படாவிட்டால் கைக்காசைப் போட வேண்டும் என்ற பயம் இருக்கும்வரை, அதைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்திருப்பதைவிட உத்தமமான பராமரிப்பு வேறு என்ன இருக்க முடியும்? ஜீப் புறப்பட்ட புழுதி அடங்குவதற்குள் குதிரை மறுபடியும் பீரோவுக்குள் போய்விட்டது. நடுவில் அழத் தொடங்கிய ஒரு பையனை மட்டும், அழுகைக்குப் படிவத்தில் கட்டம் இல்லாத காரணத்தால், ஆயா தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போக வேண்டியிருந்தது.

குடிநீர் உண்டா, கழிவறை உண்டா, சுவரில் அகர வரிசை எழுதியிருக்கிறதா, எடை பார்க்கும் இயந்திரம் வேலை செய்கிறதா, சத்துமாவுப் பொட்டலங்களின் எண்ணிக்கை சரியா என்று தங்கள் படிவம் கேட்கும் கேள்விகள் யாவும் அவசியமானவையே. கழிவறை இல்லாத மையத்தில் கருணையைப் பற்றிப் பேசுவது வெறும் வியர்த்தம் என்பதை நான் அறிவேன். ஆனால் எத்தனை பக்கம் புரட்டியும், அந்த மையத்துக்குள் ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு எப்படிப் பேசுகிறார் என்ற ஒரு வினாவை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவேளை அது பின்னிணைப்பில் இருக்கலாம் என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டேன்.

இந்த இடத்தில் தங்களுக்கு உபயோகமான ஒரு முன்மாதிரியைச் சமர்ப்பிக்க விரும்புகிறேன். ரெனே ஸ்பிட்ஸ் என்கிற மனோதத்துவ வைத்தியர், 1945-இலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரண்டு ஸ்தாபனங்களில் வளர்ந்த சிசுக்களை ஒப்பிட்டார். ஒன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். அங்கே சுத்தத்துக்குக் குறைவில்லை, ஆகாரத்துக்குக் குறைவில்லை, வைத்திய மேற்பார்வைக்கும் குறைவில்லை. ஆனால் எட்டுக் குழந்தைகளுக்கோ அதற்கு மேலோ ஒரே ஒரு தாதி, அதிலும் தொட்டிலின் பக்கங்களில் துணி தொங்கவிட்டிருந்தபடியால் குழந்தைக்கு மேற்கூரையைத் தவிர வேறு காட்சி இல்லை. மற்றது, பெண்கள் சிறைச்சாலையோடு சேர்ந்த காப்பகம். அங்கே கைதிகளான தாய்மாரே தங்கள் குழந்தைகளை எடுத்துக் கொஞ்சி வளர்த்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், சுத்தமான இல்லத்தில் இருந்த 91 குழந்தைகளில் 34 குழந்தைகள் இறந்துபோயின. சிறைச்சாலைக் காப்பகத்தில், அவர் கவனித்த காலம் முழுவதும், ஒரு குழந்தையும் இறக்கவில்லை. தங்கள் படிவத்தை அந்த இரண்டு இடங்களுக்கும் கொண்டுபோயிருந்தால், இல்லத்துக்கு முதல் பரிசுக் கேடயமும், சிறைச்சாலைக்கு விளக்கம் கோரும் குறிப்பாணையும் போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனிச் செல்போன் விஷயத்துக்கு வருகிறேன். முன்னே பதினொரு பதிவேடுகள் இருந்தன. அவற்றின் பாரத்தைக் குறைப்பதற்கென்று 2021-இல் போஷன் டிராக்கர் என்னும் செயலி வந்தது. பாரம் குறைந்து கைக்குள் அடங்கியது என்னவோ உண்மை. அந்தக் கை குழந்தையைத் தூக்குவதற்கு உரிய கை என்பது மட்டும் சற்றே மறந்துபோயிற்று. மையத்தைத் திறந்ததைப் பதிய வேண்டும், வருகையைப் பதிய வேண்டும், சோறு போடுவதைப் படம் எடுக்க வேண்டும், எடையையும் உயரத்தையும் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத நாளில் எங்கள் டீச்சர் வேப்பமரத்தடிவரை நடந்து, போனை வானத்தை நோக்கி உயர்த்திப் பிடித்து நிற்கிற கோலத்தைப் பார்த்தால், புதிதாக யாரோ சூரிய நமஸ்காரம் பழகுகிறார் என்றே வழிப்போக்கர் நினைப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவைப் பெறுவதற்குத் தாயின் முகத்தை ஆதாரிலுள்ள படத்தோடு ஒப்பிடும் முறையும் இப்போது சேர்ந்திருக்கிறது. பிள்ளை பெற்றுப் பல மாதம் தூங்காத ஒரு பெண்ணின் முகம், கல்யாணத்துக்கு முன் எடுத்த படத்தோடு பொருந்தவில்லை என்று இயந்திரம் சொன்னால் அதன் நேர்மையை நாம் மெச்சத்தான் வேண்டும். ஓடிபி எண்ணோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் புருஷனின் போனுக்குப் போகிறது. அவன் சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பார்த்துத் திருப்பிச் சொல்லும்போது அந்த எண் காலாவதியாகிவிட்டிருக்கிறது. இத்தனையும் நடந்துகொண்டிருக்கையில், பாயில் உட்கார்ந்து கதை கேட்கக் காத்திருக்கும் இருபது சொச்சம் பிள்ளைகள், கதையின் நடுவில் வந்த நரி என்ன ஆயிற்று என்று தெரியாமலே தூங்கிப்போகிறார்கள். கதை சொல்லியாயிற்று என்று செயலியில் பதிவாகியிருப்பதால் இதில் யாதொரு குறையும் இல்லை.

இரண்டு கைகளோடு இந்த உத்தியோகத்தைப் பார்க்க முடியாது என்பது தெளிவாகிவிட்டபடியால், பன்னிரு கரங்கள் உடைய முருகப்பெருமானையே பணியாளராக நியமிக்கலாமா என்று யோசித்தேன். விதிகள் இடம்கொடுக்கவில்லை. பணியாளர் பெண்ணாக இருக்க வேண்டும். உள்ளூரில் வசிப்பவராக இருக்க வேண்டும். அவருக்கோ ஆறு படைவீடுகள், எதற்கு இருப்பிடச் சான்று வாங்குவது? ஆனால் அவர் வளர்ந்த சரவணப் பொய்கை, தங்கள் குழு அவசியம் ஆராய வேண்டிய ஒரு குழந்தைகள் காப்பகம். ஆறு சிசுக்கள், அவர்களைப் பாலூட்டி வளர்க்கக் கார்த்திகைப் பெண்கள் அறுவர். குழந்தைக்கு ஒருவர்! இங்கிலாந்து தேசத்தில், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளானால் மூவருக்கு ஒருவர் என்று சட்டமே விதித்திருக்கிறார்கள். அதைக்கூடப் பொய்கை மிஞ்சிவிட்டது. நம் தேசத்திலோ, 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் இந்த அங்கன்வாடித் திட்டம் பிறந்த காலம் தொட்டு, இப்போது 400 முதல் 800 பேர் வசிக்கும் பகுதிக்கு ஒன்று என்று அமைகிற மையத்துக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் என்பதே பொதுவான கணக்காக இருந்துவருகிறது. அந்த ஒருவரே கர்ப்பிணிகளையும் பார்க்க வேண்டும், தடுப்பூசி தினத்தில் தாய்மாரைத் திரட்ட வேண்டும், வீடுவீடாகப் போக வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

பொய்கையிலும் பிற்பாடு தணிக்கை நடந்தது. பார்வதி தேவியார் வந்து ஆறு குழந்தைகளையும் சேர்த்து அணைத்து ஒரே குழந்தையாக்கிவிட்டார். ஒரு குழந்தைக்கு ஆறு பணியாளர்கள் என்றாகிவிட்டது. நம் காலமாக இருந்தால் ஐந்து பணியிடங்களை உபரி என்று சரண்டர் செய்யச் சொல்லி மறுநாளே கடிதம் வந்திருக்கும். அக்காலத்தவருக்கு அவ்வளவு நிர்வாக ஞானம் இல்லை. அறுவருக்கும் ஆகாயத்தில் நட்சத்திரப் பதவியே கொடுத்துவிட்டார்கள். நம் பணியாளருக்கு மத்திய அரசு 2018-இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. அதற்கு மேல் அந்தந்த மாநிலம் தன் சக்திக்கேற்பச் சேர்த்துக் கொடுக்கிறது. பணிக்கொடைக்கு இவர்கள் உரியவர்கள் என்பதைச் சொல்லக்கூட 2022-இல் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

அளப்பதே வேண்டாம் என்று நான் சொல்வதாகத் தாங்கள் கருதிவிடலாகாது. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு இங்கே தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், சிறு குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாமல் தேங்கி நின்ற குழந்தைக்கு உடனே கூடுதல் ஆகாரம் கொடுத்தார்கள். தேறிய பிறகு அதை நிறுத்தினார்கள். அட்டையில் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று தாய்க்கும் காட்டிக்கொடுத்தார்கள். அந்த எண் தராசிலிருந்து இறங்கி அதே குழந்தையின் தட்டுக்கு வந்து சேர்ந்தது. இப்போது என் பேத்தியின் எடை டில்லிவரை போகிறது. அது அங்கே க்ஷேமமாகப் போய்ச் சேர்ந்ததா என்று மாதாமாதம் விசாரிக்கிறார்கள். திரும்பி வந்ததா என்று விசாரிப்பார் இல்லை.

தரம் என்று தாங்கள் தேடும் அந்த வஸ்துவை நான் ஒருநாள் ஜன்னல் வழியாகக் கண்டேன். முட்டை போடும் நாள். ஒரு பையன் மட்டும் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டான். ஆயா அதட்டவில்லை. அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிற வாரங்களில் அவன் இப்படித்தான் இருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால்தான் அவன் தொண்டையில் சோறு இறங்கும் என்பதும் தெரியும். முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, மஞ்சள் கருவைச் சோற்றில் மசித்து, "இந்தக் கோழி எங்க வீட்டுக் கோழிடா தங்கம், உன்னைத்தான் கேட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே ஒரு வாய் ஊட்டினாள். அவன் கோழிக்கு என்ன பெயர் என்று கேட்டான். அவள் ஒரு பெயர் சொன்னாள். அவன் அந்தப் பெயர் நன்றாக இல்லை என்று வேறொரு பெயர் வைத்தான். தட்டு காலியாயிற்று. செயலியில் அன்றைக்கு முட்டை வழங்கப்பட்டது என்று பதிவாகியிருக்கும். முட்டையைத் தள்ளிவிட்டுப் பட்டினியாகப் படுத்திருந்தாலும் அதுவேதான் பதிவாகியிருக்கும்.

ஆகவே என் பிரார்த்தனை மிகச் சிறியது. அடுத்த முறை தங்கள் பிரதிநிதி, சொல்லாமல் கொள்ளாமல், படிவம் இல்லாமல், காலை முதல் பிள்ளைகள் தூங்கும்வரை மூலையில் ஒரு பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை அழுதால் எவ்வளவு நேரத்தில் யார் வருகிறார், பாவாடையை நனைத்துவிட்ட பெண்ணுக்குத் திட்டு விழுகிறதா மாற்றுத்துணி கிடைக்கிறதா, ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா, டீச்சர் குனிந்து பேசுகிறாரா நின்றபடியே பேசுகிறாரா என்பவற்றை அவர் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, டீச்சரோடு உட்கார்ந்து பேசட்டும். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி அம்மையார், குறுக்கிடாமல் குழந்தையைக் கவனிப்பதை ஆசிரியருக்குரிய பிரதான சாதனையாகவே வைத்திருந்தார். மேற்பார்வை செய்பவருக்கு அது கூடாது என்று எந்த அரசாணையும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. பீரோ சாவியை அன்று ஒருநாளாவது பிள்ளைகள் உயரத்தில் மாட்டிவைத்து, உடைந்த பொம்மைகளைப் பயன்பாட்டில் தேய்ந்தவை என்று கழித்துக்கொள்ளலாம் என ஒரு சுற்றறிக்கையும் தாங்கள் அனுப்பிவைத்தால், டீச்சர் தங்களை ஆயுள் முழுவதும் வாழ்த்துவார்.

பாயில் சும்மா உட்கார்ந்திருந்ததற்கு எந்தத் தலைப்பின் கீழ்ப் பயணப்படி கோருவது என்ற நியாயமான ஐயம் எழும். 'இதர பணிகள்' என்று எழுதினால் கணக்குப் பிரிவில் மறுக்க மாட்டார்கள். அந்தப் பிரிவின் மனோபாவம் எனக்குப் பரிச்சயமானது. பிரதிநிதி வெள்ளைச் சட்டையைத் தவிர்ப்பது நலம். என் பேத்திக்குச் சளி பிடித்திருக்கிறது. புதியவர் யார் வந்தாலும் மடியில் ஏறி உட்கார்ந்து அவர் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துவிடுகிறாள், சலவைப் படிக்கோ விதிகளில் இடமில்லை.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்,
மையத்துத் திண்ணையில் காத்திருக்கும் ஒரு தாத்தா