மருமகனுக்கு ஒரு புத்தகம்

சொந்தபந்தத்தில் ஒருவர் 'புத்தகம் படிக்கிறவர்' என்று பெயர் வாங்கிவிட்டால் போதும், ஏப்ரல் கடைசியில் அவர் நிம்மதி போய்விடும். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, ஸ்கூல்ல லீவுக்குப் புத்தகம் படிக்கச் சொல்லிருக்காங்க. இவன் ஏழாவது முடிச்சிருக்கான். ஏத்த மாதிரி நாலு புத்தகம் சொல்லு." ஜோசியரிடம் ராசி நட்சத்திரம் சொல்லிப் பலன் கேட்பது போல, வகுப்பைச் சொல்லிப் புத்தகம் கேட்கிறார்கள்.

ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பிள்ளைகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. முயல், ஆமை, சிங்கராஜா என்று எடுத்துக் கொடுத்தால் "இது பாப்பா புக் மாமா" என்று அவன் முகம் சுளிப்பான். ஜெயகாந்தனை எடுத்துக் கொடுத்தால் அவன் அம்மா முகம் சுளிப்பாள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த மூன்று வருடத்தில்தான் பிள்ளைகள் வாசகர்களாவதும், ஆகாமலே போவதும்.

பள்ளிக்கூடமே ஒரு பட்டியல் அனுப்பியிருந்தது. வாட்ஸப்பில் வந்த பிடிஎஃப். ரோல்ட் டால், ரஸ்கின் பாண்ட், சுதா மூர்த்தி, ஆர்.கே. நாராயணின் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்', அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' ஆங்கில மூலம். எல்லாம் நல்ல புத்தகங்கள்தான், குறையொன்றுமில்லை. கடைசி வரியைப் பார்த்தேன்: 'ஏதேனும் ஒரு தமிழ் நூல்.' மற்ற எல்லாருக்கும் பெயர் உண்டு, தலைப்பு உண்டு, பதிப்பகம்கூட உண்டு. தமிழுக்கு மட்டும் ஏதேனும் ஒன்று. பஞ்சாங்கத்தை வாங்கிக் கொடுத்தாலும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அந்த ஏதேனும் ஒன்று எது என்று குடும்ப வாட்ஸப் குழுவில் தங்கச்சி கேட்டதுதான் தாமதம், வருடம் முழுக்க 'காலை வணக்கம்' படம் மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இலக்கிய விமர்சகர்கள் ஆகிவிட்டார்கள்.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா, 'பொன்னியின் செல்வன்' என்று ஒரே வார்த்தையில் முடித்தார். "அஞ்சு பாகம்தான், லீவுக்குள்ள முடிச்சிடலாம்" என்று ஒரு குரல் பதிவு வேறு. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தமிழ்நாடே வாரம் வாரம் காத்திருந்து மூன்றரை ஆண்டு படித்த கதை அது. அதை இவன் நீச்சல் வகுப்புக்கும் அபாகஸ் வகுப்புக்கும் நடுவில் மே மாதத்துக்குள் முடிக்க வேண்டுமாம். மருமகன் இரண்டே வரியில் பதில் போட்டான்: "ரெண்டு பார்ட்டும் தியேட்டர்ல பாத்தாச்சு தாத்தா. நந்தினி சூப்பர்."

அத்தை நீதிக் கதைகள் என்றார். தங்கச்சி வீட்டுக்காரர், "கதையெல்லாம் எதுக்கு? ஜெனரல் நாலெட்ஜ் புத்தகமா வாங்குங்க, நாளைக்கு நுழைவுத் தேர்வுக்கு உதவும்" என்றார். அவர் அலுவலகக் கோப்பும் ஓட்டல் மெனு கார்டும் தவிர வேறெதையும் படித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். இவர்கள் எல்லாம் ஏழாவது படிக்கும்போது என்ன படித்தார்கள்? குழுவில் கேட்டால் அரசியலாகிவிடும் என்று பெரியப்பாவைத் தனியாகப் பிடித்தேன். முதலில் மழுப்பினார். அப்புறம் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, வேட்டிகளுக்கு அடியில், பழுப்பேறிய முத்து காமிக்ஸ். 1972இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு வரத் தொடங்கிய வரிசை. மாயாவியின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அதைப் புவியியல் நோட்டுக்குள் ஒளித்துவைத்துப் படித்த பையன்தான் பிற்பாடு மின்வாரியத்தில் சேர்ந்தவர். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

அத்தை கதை இன்னும் சுவாரசியம். வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்ட தொகுதிகளை, அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து படித்திருக்கிறார். அதில் யாரும் யாருக்கும் நீதி சொன்னதாக அவருக்கு ஞாபகமில்லை. கதாநாயகன் மட்டும் கார் ஓட்டுவானாம். என் சங்கதி அம்புலிமாமா, பூந்தளிர், வாண்டுமாமா. ஆக, தான் படித்ததை ஒருவரும் சிபாரிசு செய்யவில்லை. தான் படிக்காமல் விட்டதைத்தான் அடுத்த தலைமுறை தலையில் கட்டப் பார்க்கிறோம்.

தாய்மாமன் என்ற முறையில் எனக்கும் கடமை இருக்கிறதே. சாகித்திய அகாதமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்குத் தனியாக 'பால சாகித்திய புரஸ்கார்' கொடுத்து வருகிறது. அதில் பரிசு பெற்ற தமிழ்ப் புத்தகங்களில் இந்த வயதுக்குத் தோதானவை பல உண்டு. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' மூன்றையும் எடுத்தேன். கூடவே, தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்த ஜெயமோகனின் 'பனிமனிதன்'. 'ஆதனின் பொம்மை' கீழடியைச் சுற்றி நடப்பது. மதுரைக்காரப் பையனுக்குக் கீழடி கூப்பிடு தூரம், உடனே ஒட்டிக்கொள்வான் என்று என் கணக்கு.

மருமகன் புத்தகங்களைச் சோதித்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கையில் வைத்து எடை பார்த்தான். கடைசிப் பக்கத்தைத் திருப்பி எண்ணைப் பார்த்தான். "முன்னுரையும் சேத்துப் படிக்கணுமா மாமா?" என்றான். வேண்டாம் என்றதும் அந்தப் பக்கங்களைக் கழித்தான். விரலால் சரசரவென்று ஓட்டி எத்தனை படம் என்று எண்ணினான். பிறகு ஒரு பின்னட்டையில் விருது விவரத்தைப் பார்த்ததும் அப்படியே மூடி வைத்துவிட்டான்.

"ஏன்டா மாப்ள?"

"பரிசு வாங்குன புத்தகம்னா பரீட்சைக்கு வரும் மாமா."

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சாகித்திய அகாதமியாலும் முடியாது.

இன்னொன்று, அவன் ஆங்கில வழியில் படிப்பவன். தமிழ் தடையில்லாமல் பேசுவான், படிப்பதோ கூட்டிக் கூட்டித்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் யோகம். பள்ளிக் கல்வித் துறையே ஆறு முதல் ஒன்பது வரை படிப்பவர்களுக்கு 'தேன்சிட்டு' இதழ் கொண்டுவருகிறது. வாசிப்பு இயக்கம் என்று தொடங்கி, குட்டிக் குட்டிப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். யோசித்துச் செய்த வேலை. எங்கள் வீட்டுப் பையனுக்கு மே மாதத்தில் ஐந்தாவதாக ஒரு படிநிலை உண்டு: படு.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம், கரண்ட் போன ஒரு மத்தியானத்தில், அவனைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறந்தது. அவன் வந்தது ஏ.சி.க்காக. அதை மறைக்கவும் இல்லை. குழந்தைகள் பிரிவில் அவனை விட்டுவிட்டு நான் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன். அவன் முதலில் எடுத்தது பாம்புகளைப் பற்றிய படப் புத்தகம். அப்புறம் விடுகதை. அப்புறம் ஏதோ பேய்க் கதை. இவற்றில் எதுவும் என் பட்டியலில் இல்லை, பள்ளிக்கூடத்துப் பட்டியலிலும் இல்லை. தரையில் சம்மணம் போட்டு அவன் படித்த வேகத்தைப் பார்த்தால் 'நட'வைத் தாண்டி 'ஓடு'வுக்கு வந்துவிட்டான் என்று தோன்றியது.

அடுத்த தடவை போனபோது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "அங்க ஒரு பொண்ணு ஒரு புக்கை வச்சுக்கிட்டுத் தரவே மாட்டேங்குது மாமா. கேட்டா, 'இரு, முடிக்கணும்'ங்குது." எட்டிப் பார்த்தேன். இவன் வயதுப் பிள்ளை, மடியில் 'பனிமனிதன்'.

"டேய், அது வீட்டுல டிவி மேல கிடக்கேடா!"

"அது நீங்க குடுத்ததுல்ல மாமா."

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம் ஒன்று உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பது அவற்றின் சாரங்களில் ஒன்று. நடுவில் தாய்மாமன் ஒருவன் வேண்டும் என்று அவர் எங்கேயும் எழுதவில்லை.

அன்று ராத்திரியே டிவி மேலிருந்த 'பனிமனிதன்' காணாமல் போனது. நான் கேட்கவில்லை. கேட்டால் படிப்பதை நிறுத்திவிடுவான்.

பள்ளிக்கூடம் விடுமா? ஜூன் மாதம் நிரப்பித் தர ஒரு படிவம் கொடுத்திருந்தது. நூலின் பெயர், ஆசிரியர், முக்கியக் கதாபாத்திரம், பத்துப் புதிய சொற்கள், கதையின் நீதி. விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கும் வேதாளமாவது தெரிந்தும் வாய் திறக்காவிட்டால்தான் தலை வெடிக்கும் என்று மிரட்டும். இந்தப் படிவத்துக்கு, படித்ததே குற்றம் என்கிற மாதிரி தண்டனை. மருமகன் தந்திரசாலி. 'பனிமனித'னைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த மாயாவியைப் படிவத்தில் எழுதிவிட்டான். 'கதையின் நீதி' என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தான்: 'ஈரக் கையால் சுவிட்சைத் தொடக்கூடாது.'

டீச்சர் 'நன்று' போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டாரும் ஒட்டியிருந்தார். மின்வாரியப் பெரியப்பா அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, "என் பேரன்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

அடுத்த ஏப்ரலில் உங்களுக்கும் போன் வரும். புத்தகப் பெயர் எதுவும் சொல்லாதீர்கள். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, 1948இலேயே, பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் நீங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பிள்ளையைத் தெருக்கோடிக் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டு, அலமாரிப் பக்கம் பின்னாலேயே போகாமல், செய்தித்தாள் மேசையில் உட்கார்ந்து தினத்தந்தி படியுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்குக் கிளை நூலகங்களுக்கு விடுமுறை.