நாப்பது மில்லி டயரு

மண்ரோட்டுல ஓட்டுறதுக்குன்னே தனியா ஒரு சைக்கிள் வந்திருக்காம்லா. ‘கிராவல் பைக்’காம். விலை ஒன்னரை லட்சமாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துட்டு. ஏல மக்கா, அப்ப நாங்க இத்தனை காலமும் எங்கல ஓட்டுனோம்? ஆகாசத்துலயா?

கோவிச்சுக்கிடாத. உன்னைக் குத்தம் சொல்லலை. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் முன்னால குனிஞ்சு கெடக்குத பய, லீவு கெடைச்சா தேரிக்காட்டையும் கடக்கரையையும் பாக்க சைக்கிள்ல வாரான்னா நல்ல காரியந்தான். வா. வரும்போது புத்தியையும் கூடவே எடுத்துட்டு வா. அதுக்கு எடை கெடையாது.

அந்த வண்டிக்கு என்ன பெருமைன்னு கேட்டா, டயரு அகலம் 40 மில்லிமீட்டர்ங்க. ரேஸ் சைக்கிளுக்கு 25, 28தான், இது அகலம், அதனால சரளையில வழுக்காது, குலுங்காதுங்க. நல்லது. நாங்க ஹெர்குலிஸ் சைக்கிளுக்கு டயரு வாங்கப் போனா கடைக்காரர்கிட்ட ‘இருபத்தெட்டுக்கு ஒன்னரை’ன்னு கேப்போம். ஒன்னரை இஞ்சின்னா எத்தனை மில்லி? அந்தப் போன்ல போட்டுப் பாரு. முப்பத்தெட்டும் சொச்சமும் வரும். டயரு ஓரத்தைத் தொடைச்சுப் பாத்தா 40-635ன்னு அச்சடிச்சிருக்கும். அந்த 40 என்னன்னு நெனைக்க? பால்காரரும் தபால்காரரும் மீன்காரரும் ஆயுசு முழுக்க நாப்பது மில்லியிலதாம்ல ஓட்டுனாங்க. அதுக்குன்னு யாரும் டீசர்ட்டு அடிச்சுப் போட்டுக்கிடலை.

1949-ல மெட்ராஸ்ல டிஐ சைக்கிள் கம்பெனி தொடங்கி, அம்பத்தூர்ல வண்டி செய்ய ஆரம்பிச்ச பொறவுதான் ஊரு ஊருக்கு ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் வந்துது. அந்த வண்டியை உத்துப் பாத்திருக்கியா? முன் ஃபோர்க்கு நல்லா சாஞ்சு நிக்கும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல நீளம் ஜாஸ்தி. குழியில எறங்குனாலும் ஹேண்டில்பார் கையை விட்டுத் துள்ளாது. உன் வண்டி விளம்பரத்துல புதுசாக் கண்டுபிடிச்சோம்னு எழுதியிருக்கதும் இதையேதான். எங்க ஆளுக இடுப்பு வலின்னு அந்த சைக்கிளைத் திண்ணையில சாத்தி வச்சிட்டு டிவிஎஸ் எக்ஸெல்லுக்கு மாறிட்டாக. நீங்க இடுப்பு வலி வேணும்னு துட்டு கட்டி வாரீக.

பிரேக்கை மட்டும் ஒத்துக்கிடுதேன். எங்க கம்பி பிரேக்கு மழையில பிடிக்கவே செய்யாது. செருப்பைத் தரையில தேய்ச்சுத்தான் வண்டியை நிறுத்தணும். உன் டிஸ்க்கு பிரேக்கு ரெண்டு வெரலுக்கு நிக்குது. எடையும் அப்படித்தான். எங்களுது 20 கிலோவுக்கு மேல, உன்னுது 9, 10 கிலோ. நீ வயித்தைக் கொறைச்சா இன்னும் ரெண்டு மூணு கிலோ கொறையும். அது துட்டில்லாம ஆவுற காரியம்.

இந்தக் கூத்தைப் பெருசாக்குனது அமெரிக்காக்காரனாம். கன்சாஸ் மாகாணத்துல எம்போரியான்னு ஒரு ஊரு. 2006-லேருந்து 200 மைலு, நம்ம கணக்குல 320 கிலோமீட்டரு, டயரைக் கிழிக்கிற கூர்ங்கல்லு மேல ஒரே ஓட்டமா ஓட்டுதாங்களாம். 2022-ல இத்தாலியில உலகப் போட்டியே வச்சிட்டாங்க. ஆனா அந்த இத்தாலிக்காரன் அதுக்கு ரொம்ப முந்தியே வேற ஒண்ணு செஞ்சான் பாரு, அதுதான் எனக்குப் பிடிச்சுது. டஸ்கனியில கயோலேங்கிற ஊர்ல 1997-ல ‘லெரோயிக்கா’ன்னு ஒரு சைக்கிள் ஓட்டத்தை ஆரம்பிச்சான். பழைய சைக்கிள்லதான் வரணும். 1987-க்கு முந்தி செஞ்ச வண்டியா இருக்கணும். எதுக்காம்? அங்கன உள்ள வெள்ளை மண்ரோட்டை எல்லாம் தாரு ஊத்தி மூடிராதீங்கன்னு சொல்லுததுக்காம்.

கேட்டியா கதையை? இங்க தார் ரோடு வேணும்னு மனு எழுதி எழுதிக் கை வீங்குன சனம் நாங்க. அங்க தாரு வேண்டாம்னு சைக்கிள் விடுதான். வீட்டுல காரு நிக்கவனுக்குத்தாம்ல புழுதி அழகாத் தெரியும். பிரசவ வலியில ஒருத்தியை மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு மண்ரோட்டுல போயிருந்தா தெரியும். ஆனாலும் அவன் சொல்லுததுல பாதி ஞாயம் இருக்கு. தாரு போட்டா பஸ்ஸு மட்டுமா வரும்? பின்னாலயே லாரியும் வரும்லா. இந்தக் கடக்கரை மணல்ல கார்னெட்டு இருக்கு, இல்மனைட்டு இருக்குன்னு அள்ளோ அள்ளுன்னு அள்ளுனாங்க. 2013-ல அரசாங்கம் தடை போட வேண்டியதாப் போச்சு.

சரி, எந்த வழியா வரப் போற? திருச்செந்தூர்ல ரயிலை விட்டு எறங்கி குலசை, மணப்பாடு, பெரியதாழை, குட்டம், உவரின்னு கடலோரமாத் தெக்க பாத்துப் போறதாப் பிளானாக்கும். எந்த மாசம்? ஆடியா? அட கூறுகெட்ட பயலே! ஆனி ஆடியில இங்கன காத்து மேக்கேருந்தும் தென்மேக்கேருந்தும் அடிக்கும். அந்தக் காத்தை நம்பித்தான் முப்பந்தல்ல அத்தனை காத்தாடியை நட்டு வச்சிருக்கான். அதுக்கு எதிரா நெஞ்சைக் காட்டிக்கிட்டா மிதிக்கப் போற? பின்னால பன்னெண்டு பல்சக்கரம் இருந்தாலும் பத்தாது.

நான் சொல்லுததைக் கேளு. வள்ளியூர்ல எறங்கு. திசையன்விளை வழியா உவரிக்கு வா. அங்கேருந்து வடக்க திரும்பிக் கடலோரமாத் திருச்செந்தூர் போ. அதே வண்டி, அதே காலு. ஆனா காத்து முதுகுல கையை வச்சுத் தள்ளும். ஸ்ட்ராவா ஆப்புல வேகம் ஏறும். கூட்டாளிமாரு வாயைப் பொளப்பாங்க. காத்தைப் பத்தி மட்டும் ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடாத.

திசையன்விளைக்கும் குலசைக்கும் வெள்ளைக்காரன் காலத்துல ரெண்டடி அகலத் தண்டவாளத்துல ஒரு குட்டி ரயிலு ஓடுச்சு. பனஞ்சீனி ஆலைக்காகப் போட்டது. 1940-ல நிறுத்திட்டான். வெளிநாட்டுல அப்படிப் பழைய ரயில் பாதையை எல்லாம் சைக்கிள் பாதையா ஆக்குதாங்களாம். இங்க அது எந்த வழியாப் போச்சுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு தெசையைக் காட்டுவாங்க. அதே குலசையிலதான் இப்ப ராக்கெட் விடப் போறாங்க. 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டியாச்சு. அந்த வேலி ஓரமா நின்னு டிரோன் கிரோன் விட்டுப் படம் எடுக்காத. சைக்கிளோட சேத்து உன்னையும் ஏத்திக்கிட்டுப் போயிருவான்.

பொறவு தேரி. காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் செக்கச்செவேல்னு மேடு மேடாக் கெடக்கும். அதுவும் இந்தக் காத்து கொண்டாந்து கொட்டுன மணல்தான். போன்ல வழி இருக்குன்னு சொல்லாத. பங்குனியில இருந்த தடம் ஆவணியில இருக்காது. ஒரு ஆடு மேய்க்கிறவரைப் பாத்துக் கேளு. அவரு கையைக் காட்டுத பக்கம் போ. அந்த மண்ணுக்குள்ள கற்கால மனுசன் செதுக்குன குட்டிக் குட்டிக் கல்லாயுதம் கெடந்திருக்கு. சாயர்புரம் வட்டாரத்துல உள்ளதை எல்லாம் ஆராய்ஞ்சு சாய்னர், ஆல்சின்னு ரெண்டு பேரு 1956-ல எழுதி வச்சிருக்காங்க. அந்தக் கற்கால மனுசனும் இதுல நடந்துதான் போனான். நீயும் நடக்கத்தான் போற. தேரியில யாரும் சைக்கிள் மிதிக்க முடியாது மக்கா, தள்ளத்தான் முடியும். பெடல்ல பூட்டுததுக்குன்னு ஒரு பூட்ஸு போட்டிருக்கியே, அதுக்கு அடியில மணலு அடைச்சுக்கிட்டா அப்புறம் பூட்டாது. நீ குச்சியை வச்சு நோண்டிக்கிட்டு இருக்கும்போது ரப்பர் செருப்பு போட்டவன் தாண்டிப் போயிட்டே இருப்பான்.

கெட்டி மண்ணுல வந்து மணல்ல எறங்கும்போது டயருல காத்தைக் கொறைக்கணும். இதை நீ வீடியோவுல பாத்துப் படிச்சிருப்ப. பெரியதாழையிலேருந்து மீனு கொண்டுவாரவரு ஒருத்தரு உண்டு. கேரியர்ல பெட்டி, பெட்டியைச் சுத்திப் பழைய டியூபை இழுத்துக் கட்டியிருப்பாரு. மணலு ஆரம்பிக்கிற எடத்துல எறங்குவாரு. வால்வு நட்டை அரைச் சுத்து தளத்துவாரு. புஸ்ஸுன்னு சத்தம் வரும். கட்டை வெரலால டயரை ஒரு அமுக்கு. போதும்னு தெரிஞ்சா நட்டை முறுக்கிட்டு ஏறிருவாரு. மீட்டரும் கெடையாது, கணக்கும் கெடையாது. மீனு நாறுததுக்குள்ள சாத்தாங்குளம் போயாகணும், அதுதான் அவரு கணக்கு. உன்கிட்ட காத்தளக்க ஒரு டிஜிட்டல் மீட்டர் இருக்கு. அதுக்கு சார்ஜு போட்டியா?

முள்ளு விஷயத்துல உன் பக்கம் கொஞ்சம் சவுகரியம் இருக்கு. இங்கன வழி முழுக்க உடைமரம். பாக்கக் கொடை விரிச்சு நிக்கும், கீழ வெள்ளை முள்ளைக் கொட்டி வச்சிருக்கும். எங்களுக்குன்னா பஞ்சர் கடைதான். டியூபைத் தண்ணிச் சட்டியில முக்கி, மொட்டு வர எடத்தைக் கண்டுபிடிச்சு, உப்புத்தாள்ல தேய்ச்சு, சொலூசன் தடவி ஊதி ஊதிக் காய வச்சு ஒட்டணும். உன் டயருல டியூபே இல்லை, உள்ள என்னமோ பாலு ஊத்தியிருக்கான், சின்ன ஓட்டையைத் தானே அடைச்சுக்கிடும்ங்க. கெட்டிக்காரத்தனந்தான். ஆனா அந்தப் பாலு நம்ம வெயிலுக்குச் சீக்கிரமே காஞ்சு போவும். கெளம்புததுக்கு முன்னால சக்கரத்தை ஆட்டிப் பாரு. சலசலன்னு கேக்கலைன்னா அது இல்லைன்னு அர்த்தம்.

உடுப்பைப் பத்தியும் சொல்லணும். உக்காருத எடத்துல பஞ்சு வச்சுத் தச்ச டவுசரு. உனக்கு நோவாம இருக்கும், சரிதான். அதோட தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்குள்ள போயிராத. மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலும் அப்படித்தான். 1542-ல சவேரியார் கால் வச்ச ஊரு அது. நீ பாதி உடம்பு தெரிய நின்னு செல்ஃபி எடுக்கலாமா? பையில ஒரு நாலு முழ வேட்டி வையி. சுத்துனா மானம், விரிச்சா படுக்கை, நனைச்சுத் தலையில கட்டுனா நெழலு. கடக்கரையில கருவாடு காயப் போடுத அம்மாமாரைக் கேக்காமப் படம் எடுக்காத. கேட்டா சிரிச்சுக்கிட்டு நிப்பாக. கேக்கலைன்னா கேக்கக் கூடாததை எல்லாம் கேப்ப.

புரட்டாசியில வந்துராத, அப்ப குலசை தசரா. ரோடு முழுக்கக் காளி வேசமும் கொரங்கு வேசமும் போலீசு வேசமுமாத் தாரை தப்பட்டையோட சனம் போகும். இல்ல, அப்பத்தான் வருவேன்னா வா. உன் கூலிங்கிளாசையும் காளான் தொப்பியையும் பாத்து, பிள்ளை என்னமோ நேந்திருக்குன்னு தட்டுல ரெண்டு ரூவா போட்டாலும் போடுவாக.

தீனி என்ன கொண்டாந்திருக்க? பாக்கெட்டுல பசையா? அதைக் கிழிச்சு வாயில பிதுக்குதியாக்கும். அந்த ஒரு பாக்கெட்டு விலைக்கு இங்க வயிறு நெறையத் தின்னலாம்ல. முதலூர்ல தேங்காப்பால் ஊத்திக் கிண்டுன மஸ்கோத்து அல்வா இருக்கு, ஒரு துண்டு போதும். உப்பு வேணுமா? தூத்துக்குடி ஜில்லாவுல நின்னுக்கிட்டு உப்புக்கு மாத்திரை போடுவியா? மோருல ஒரு கல்லைப் போட்டுக் குடி.

பங்குனியிலேருந்து ஆடி வரைக்கும் பதனி கெடைக்கும். விடியக்காலம் பனையடிக்குப் போயிரணும். பனையேறி மேலேருந்து எறங்கி, கலயத்தைச் சரிச்சு, ஓலையை மடிச்சுக் கட்டுன பட்டையில ஊத்துவாரு. நுங்கைச் சீவி உள்ள போட்டும் தருவாரு. கால்ல திளாப்பு, கையில முருக்குத்தடி, இடுப்புல அருவாப்பெட்டி, அவ்வளவுதான் அவரு சாமான். காலையில ஒரு ஏத்தம், சாயங்காலம் ஒரு ஏத்தம், அதுவும் ஒரு பனையா ரெண்டு பனையா? அவருகிட்டப் போயி இன்னைக்கு நான் எண்ணூறு கலோரி எரிச்சேன்னு பீத்தாத. பேரமும் பேசாத. ரெண்டு பட்டைக்கு மேல குடிக்கவும் செய்யாத. வெறும் வயித்துல மூணாவது பட்டையை ஊத்துனவன், வண்டியை ரோட்டுல போட்டுட்டு உடங்காட்டுக்குள்ள ஓடுவான்.

வேற என்ன? போற வழியில உடன்குடி வரும். 2023-ல அந்த ஊர்க் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு எல்லாம் குடுத்திருக்காங்க. அதனால சீனிப் பாகைக் காய்ச்சிக் கலந்தவனும் இப்ப அதே பேரைச் சொல்லித்தான் விப்பான். பளபளன்னு ஒரே நெறமா இருந்தா வாங்காத. ஒரு ஓரத்தை ஒடச்சு வாயில போட்டுப் பாரு. ஆச்சிக்குச் சுக்குக் காப்பி போடக் கருப்பட்டி தீந்து போச்சு. நல்லதாப் பாத்து ஒரு அஞ்சு கிலோ வாங்கிக் கொண்டாந்துரு, வந்ததும் துட்டு தாரேன். ஓலைப்பெட்டியிலதான் கட்டிக் குடுப்பான், பத்திரமா வச்சுக் கெட்டிக் கயித்தால கட்டு. ஏல, நில்லு. இந்த வண்டிக்குக் கேரியரு எங்கல?