பரணில் ஏறிய ஏணி

காயலான் கடையில், ஒரு காஸ் அடுப்புக்கும் இறக்கை இல்லாத டேபிள் ஃபேனுக்கும் நடுவில் அதைப் பார்த்ததும் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது.

சன் அல்ட்ரா 5. 1998-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த ஒர்க்ஸ்டேஷன். நான் படித்த கல்லூரியில் ஏசி போட்ட அறைகள் இரண்டே இரண்டு. ஒன்று முதல்வருக்கு, இன்னொன்று இதற்கு. செருப்பை வெளியே விட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரிதான் போவோம். மூன்று பேருக்கு ஒரு மிஷின். மூன்றாவது ஆளான எனக்குக் கிடைத்தது என்டர் பொத்தான் மட்டும்தான். மற்ற பொத்தான்களின் மேல் அன்று விழுந்த ஆசை இன்னும் தீரவில்லை.

"எவ்வளவுங்க?"

"எல்லாம் கிலோ கணக்குதான் சார்."

முதல்வருக்குச் சமமாக ஏசியில் வாழ்ந்ததைத் தராசில் ஏற்றி, டேபிள் ஃபேனுக்கும் அதற்கும் ஒரே ரேட் போட்டார்.

வீட்டு வாசலில் மனைவி வழிமறித்தாள். "என்னங்க இது?"

"அல்ட்ரா அஞ்சு."

"மத்த நாலும் எங்க?"

கடையில் கீபோர்டு தரவில்லை. கீபோர்டு இல்லாவிட்டால் பின்பக்க சீரியல் போர்ட் வழியாகப் பேசும் பெருந்தன்மை இந்த மிஷினுக்கு உண்டு. 25 முள் கேபிள் ஒன்றைத் தேடிப் பிடித்து லேப்டாப்பில் இணைத்தேன். உயிர் வந்தது. வந்ததும் "ஓகே" என்றது. சன் மிஷின்களில் ஓப்பன்பூட் என்று ஓர் அடிப்படை நிரல் இருக்கிறது, அது எப்போதும் ஓகே என்று சொல்லித்தான் காத்து நிற்கும். டிஸ்க் கிடைக்கவில்லையா, ஓகே. நெட்வொர்க் செத்துவிட்டதா, ஓகே. எங்கள் தெரு எலக்ட்ரீசியனை இவ்வளவு வருடம் கழித்து வேறு உருவத்தில் சந்தித்தேன்.

ஓகே சொன்னதே தவிர அதற்குத் தன் அடையாளம் மறந்துபோயிருந்தது. நெட்வொர்க் முகவரியை ஒரு சிப்பில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சிப்புக்குள்ளேயே பேட்டரியையும் வைத்து மூடிவிட்டார்கள், கழற்ற வழியில்லை. பேட்டரி செத்தால் ஞாபகமும் போச்சு. ரம்பத்தால் சிப்பின் தலையை அறுத்து, வெளியே ஒரு பட்டன் பேட்டரியைச் சால்டர் செய்கிற வீரர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தேங்காய் உடைக்கவே கை நடுங்கும். அதனால் ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் முகவரியைக் கையால் எழுதித் தருகிறேன். அதை ஃபோர்த் என்ற மொழியில் சொல்ல வேண்டும். அதில் எண்கள் முன்னால் வந்து வினைச்சொல் கடைசியில் வரும், நம் தமிழ் மாதிரியே. முகவரியின் முதல் பாதி சன் கம்பெனிக்குரியது, மறு பாதி நம் இஷ்டம். மனைவியின் பிறந்த தேதியைப் போட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தத் தேதியை நான் மறக்காமல் இருப்பது இந்தச் செத்த பேட்டரியின் உபயம். அவளிடம் காரணம் சொல்லவில்லை.

லினக்ஸ் போட்டேன். ஸ்பார்க் பிராசசர் வைத்த இந்த மாதிரி மிஷின்களுக்கு டெபியன் என்ற லினக்ஸ் வகை அதிகாரபூர்வமாகக் கைகொடுத்த கடைசிப் பதிப்பு 2013-இல் வந்த ஏழாவது. அதோடு வந்த கர்னல் 3.2 ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கர்னல் என்பது டிஸ்க்கோடும் திரையோடும் நெட்வொர்க்கோடும் பேசுகிற நடுநாயகம். டெபியன் தருவது கல்யாணச் சமையல் மாதிரி. யார் வருவார்களோ என்று எல்லாருக்கும் எல்லாமும் இருக்கும். என் வீட்டில் இருப்பதோ 333 மெகாஹெர்ட்ஸும் 256 எம்பி நினைவகமும் உள்ள கிழவர். அவருக்கு மட்டும் அளவாகக் கஞ்சி வைத்தால் என்ன? மூலநிரலை இறக்கி, கட்டமைப்பைத் திறந்தேன்.

அதில் கேள்விகள் ஆயிரக்கணக்கில். பலவற்றுக்கு மூன்று பதில்கள்: ஒய், எம், என். ஒய் என்றால் கர்னலுக்குள்ளேயே, அதாவது நடு ஹாலில் நிரந்தர இடம். எம் என்றால் மாட்யூல், டிஸ்க்கில் ஓரமாகக் கிடக்கும், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். நம் வீட்டுப் பரண். என் என்றால் வேண்டாம். நம்முடையது என்று உரிமை கொண்டாடுகிற சொல் 'என்'. அதையே வேண்டாம் என்பதற்கு வைத்தால் தமிழனுக்குக் கை வருமா? எனக்கு வரவில்லை.

எங்கள் பரம்பரையே எம் பரம்பரை. அப்பா பரணில் வைத்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு மேல் நான் வைத்த மூன்று மிக்சி ஜார்கள் உட்கார்ந்திருக்கின்றன. மிக்சி இல்லை. இப்படிப்பட்டவனிடம் போய், "அமெச்சூர் ரேடியோ வேண்டுமா?" என்று கர்னல் கேட்கிறது. நாளைக்கே ரேடியோ கற்றுக்கொண்டால்? எம். அகச்சிவப்புக் கதிர் வழித் தொடர்பு? எம். ஜாய்ஸ்டிக்? மகன் ஊரிலிருந்து வந்தால் விளையாடுவான். அவனுக்கு வயது இருபத்தாறு. எம். அமிகா கணினியின் டிஸ்க்குகளைப் படிக்க வேண்டுமா? அமிகாவை நான் நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் காயலான் கடை வாசலில் எதுவும் நடக்கலாம். எம்.

பல கேள்விகளுக்குக் கீழே உதவிக் குறிப்பு ஒன்று இருக்கும். அதன் கடைசி வரி, சந்தேகமாக இருந்தால் என் சொல் என்று முடியும். சில இடங்களில் சந்தேகமாக இருந்தால் ஒய் சொல் என்று. சந்தேகம் எனக்கு, முடிவு அவர்களுக்கு. இன்னும் சில விருப்பங்களில் ஒய் என்பதற்கு அடையாளமான நட்சத்திரம் ஏற்கனவே விழுந்திருக்கும். எடுக்கவும் முடியாது. வேறொன்றுக்குச் சம்மதம் சொன்னபோதே அது கூட வந்துவிட்டது, பெண்ணெடுத்த வீட்டுப் பெரியப்பா மாதிரி. இதிலும் நான் மெனு முறைக்குப் போனதால் பிழைத்தேன். ஆதிகாலத்து முறையில் கேள்விகள் ஒவ்வொன்றாக வரிசையில் வரும், பின்னால் போக முடியாது. எண்ணூறாவது கேள்வியில் கை தவறினால் முதலிலிருந்து.

எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டு சனிக்கிழமை இரவு கம்பைலைத் தட்டினேன். ஞாயிறு காலை அமிகாவில் இருந்தது. மத்தியானம் என்னவோ ஒரு டிவி கார்டில் இருந்தது. திங்கள் சாயங்காலம் முடிந்தது. "குக்கர்னா விசிலாவது வரும்" என்றாள் மனைவி.

ரீபூட் செய்தேன். எழுத்துகள் ஓடின, நின்றன. கர்னல் பேனிக். மூல டிஸ்க்கைக் காணோம், (0,0) என்றது. அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. இந்த மிஷினின் டிஸ்க் கன்ட்ரோலர் சிஎம்டி 646 என்ற சிப். சன் என்ற பெயரே இல்லாத அந்த டிரைவரையும் அந்நியர் என்று நினைத்து எம் போட்டிருக்கிறேன். மாட்யூல் இருப்பது டிஸ்க்கில். டிஸ்க்கைத் தொட வேண்டுமானால் அந்த மாட்யூல் வேண்டும். ஏணியைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டு, கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்காகவே இனிட்-ஆர்டி என்று ஒரு சின்ன ஸ்டூலை ஓரமாக வைப்பார்கள். கச்சிதமாக இருக்கட்டும் என்று அதையும் நான் வேண்டாமென்றிருந்தேன். என் வாழ்நாளில் தைரியமாக வேண்டாமென்ற முதல் பொருள்.

பழைய கர்னலை அழிக்காமல் விட்டிருந்ததால் உள்ளே போக முடிந்தது. டிஸ்க் டிரைவரை ஒய் ஆக்கினேன். மறுபடி பேனிக், ஆனால் இந்த முறை (8,1). அதாவது டிஸ்க் தெரிகிறது, அதில் எழுதியிருப்பது புரியவில்லை. எக்ஸ்ட்3 ஃபைல் சிஸ்டத்தைப் பரணில் விட்டிருந்தேன். ஏணி கிடைத்தது, கண்ணாடி மேலே. அதையும் இறக்கினேன்.

மூன்றாவது முறை கிழவர் எழுந்தார். நான் கைதட்டினேன். நெட்வொர்க் மட்டும் வரவில்லை. இவ்வளவு எம் சொன்னவன், நெட்வொர்க் பட்டியலில் 'சன் ஹேப்பி மீல்' என்று ஒன்றைப் பார்த்து, எவனோ பசியில் எழுதிய கிண்டல் என்று என் போட்டிருக்கிறேன். அமெரிக்கப் பிள்ளைகள் பொம்மைக்காக அடம்பிடித்து வாங்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தின் பெயர் அது. விசாரித்தால், சன் காரர்களே தங்கள் ஈதர்நெட் சிப்புக்கு வைத்த செல்லப்பெயர். பக்கத்திலேயே 'பிக்மேக்' என்று இன்னொன்றும் இருக்கிறது. அது பழைய எஸ்பஸ் கார்டுகளுக்கானது, பிசிஐ வைத்த என் மிஷினுக்கு ஆகாது. ஆகாத பிக்மேக்குக்கு எம், ஆகிற ஹேப்பி மீலுக்கு என்.

இதையெல்லாம் அக்கா மகன் வந்தபோது வீரக்கதையாகச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, ஸ்பார்க்குக்கான கிராஸ் கம்பைலரைப் போட்டா இதை உங்க லேப்டாப்லயே பண்ணிடலாமே" என்றான். போட்டான். அவனுக்கு ஊற்றி வைத்த காபி ஆறுவதற்குள் கர்னல் தயார். அவனை நான் ராத்திரி தங்கச் சொல்லவில்லை.

இரண்டாவது சுற்றில் நான் வேறு ஆள். ரேடியோ, என். ஜாய்ஸ்டிக், என். அமிகா, கொஞ்சம் கண் கலங்கியது, என். கர்னல் பாதிக்கு மேல் இளைத்துவிட்டது. அந்தப் பெருமையில் ஒய், எம், என் தத்துவத்தை மனைவிக்கு விளக்கி வைத்தது என் தப்பு.

போகிக்கு முந்தின நாள். வாசலில் அதே காயலான் கடைக்காரர், தராசோடு. ஏணி மேல் மனைவி.

"மண்ணெண்ணெய் ஸ்டவ்?"

"எம்."

"எம்னா பரண். பரண்லேருந்துதான் எடுத்தேன். சந்தேகமா இருந்தா என்னன்னு சொல்லணும்?"

"என்."

"மிக்சி ஜார் மூணு?"

"என்." எனக்கே என் குரல் கம்பீரமாகக் கேட்டது.

கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "சார், இது நம்மகிட்ட எடுத்ததுதானே? நல்லா ஓடுதா?" அவர் கை ஏற்கனவே அல்ட்ரா 5-இன் மேல் இருந்தது.

"இது?" என்றாள் மனைவி.

பதறிப்போய், "என்…" என்று ஆரம்பித்தேன். "என் கம்ப்யூட்டர்" என்று முடிப்பதற்குள் அது தராசில் ஏறியிருந்தது.