பிள்ளை வளர்க்காத ரூசோ

கேள்வி: குழந்தை வளர்ப்பு பற்றிப் புத்தகமே எழுதிய ரூசோ, தன் பிள்ளைகளை எப்படி வளர்த்தார்?

பதில்: வளர்த்தால்தானே! துணைவி தெரேஸ் பெற்ற ஐந்து குழந்தைகளையும் பிறந்த கையோடு பாரிஸ் அனாதை இல்லத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே போன சிசுக்களில் பெரும்பாலானவை பிழைக்காத காலம் அது.

அப்படிப்பட்டவர்தான் 1762இல் ‘எமீல்’ எழுதினார். தாயே பாலூட்ட வேண்டும், குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றக் கூடாது என்று ஏகப்பட்ட உபதேசம். பிரெஞ்சுச் சீமாட்டிகள் பலர் அதைக் கேட்டு நடந்தார்கள் என்பதுதான் வேடிக்கை! பாரிஸிலும் ஜெனீவாவிலும் நூலை எரித்தார்கள். ஆத்திரம் பிள்ளை வளர்ப்பின் மேல் அல்ல, அதிலிருந்த மதக் கருத்துகளின் மேல். இறையாண்மை மன்னனுக்கல்ல, மக்களுக்கே என்று அதே ஆண்டு சொன்ன ‘சமுதாய ஒப்பந்தம்’ நூலையும் ஜெனீவா சேர்த்தே கொளுத்தியது.

அனாதை இல்ல ரகசியத்தை 1764இல், பெயர் போடாத துண்டுப் பிரசுரத்தில் போட்டு உடைத்தவர் சக சிந்தனையாளர் வால்டேர். ரூசோவோ, பாவம், ஒரு ஜெனீவா பாதிரியாரின் வேலை அது என்று அவரோடு சண்டைக்குப் போனார்!

1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு ரூசோவின் உடலைப் பாரிஸில் பெரியோருக்கான நினைவிடமான பாந்தியனுக்கு மாற்றியது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அங்கே குடிவந்திருந்தவர் யார் தெரியுமா? வால்டேர்!