ஜோடி சார்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவாக்கில் சென்னை கொளத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் ஜோடி சாரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. அவர் ஒரே ஆள் அல்லர். பல வேடத்தில் வருவார். வங்கி ஊழியராக வருவார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக வருவார், மகனின் பிறந்தநாளுக்கு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்ட தகப்பனாராகவும் வருவார். அடையாளம் ஒன்றுதான். வண்ண மீன் கடைக்குள் நுழைந்து, மூக்கு கண்ணாடியில் ஒட்டும் அளவுக்குக் குனிந்து, “தம்பி, இதுல ரெண்டு போடு, அதுல ரெண்டு, அந்தக் கோடு போட்டதுல ரெண்டு” என்பார். ஏன் இரண்டு என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே விளங்காது. செருப்பு வாங்கினால் இரண்டு, குத்துவிளக்கு வாங்கினால் இரண்டு; உயிருள்ள ஜீவனை மட்டும் ஒற்றையாகக் கொண்டுபோய் வாட விடுவதா? கடைக்காரரும் விலையை ஜோடிக் கணக்கில் சொல்லியே பழகிவிட்டதால் இந்தச் சித்தாந்தத்துக்கு வணிக அங்கீகாரமும் கிடைத்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் தங்கமீன், ஏஞ்சல், டைகர் பார்ப், கப்பி, நியான் டெட்ரா, ஃபைட்டர், தொட்டியைச் சுத்தம் செய்ய சக்கர் என்று ஏழு ஜோடிகள் ஆக்சிஜன் அடைத்த பைகளில் ஏறி, ஒன்றரை அடித் தொட்டியோடு ஆட்டோவில் கிளம்பிவிடும்.

இவரை இரக்கமில்லாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உண்மையில் இவர் இரக்கத்தின் உச்சம். தெருநாய்க்குப் பிஸ்கட் போடுவார். மொட்டைமாடியில் காக்கைக்குத் தண்ணீர் வைப்பார். அக்காள் மகளுக்கு வரன் பார்த்தபோது பத்துப் பொருத்தமும் பார்த்து, ஒன்பதுதான் தேறுகிறது என்று நல்ல பையனைத் தட்டிக்கழித்தவர். அப்படிப்பட்டவர் மீன் கடையில் பார்ப்பது ஒரே பொருத்தம்: சோபா உறைக்கும் மீனின் நிறத்துக்கும் உள்ள பொருத்தம். மற்றதையெல்லாம் ‘ஜோடி’ என்ற ஒரு சொல் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார். சங்கடம் என்னவென்றால், அவர் வாங்கிய ஏழு வகையில் ஒன்றுக்குக்கூட இரண்டு என்பது ஏற்ற எண்ணிக்கை இல்லை. சிலவற்றுக்கு அது ஒன்று அதிகம். சிலவற்றுக்கு ஆறு குறைவு. சிலவற்றுக்கு இரண்டுமே அதிகம். வரிசையாகப் பார்த்தால் இது மிகையான பேச்சு அல்ல என்பது விளங்கும்.

முதலில் ஃபைட்டர். கடையில் ஆண் ஃபைட்டர்களைத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்திருப்பதைப் பார்த்தவுடன் ஜோடி சாரின் கண் கலங்கும். பெயரிலேயே எச்சரிக்கைப் பலகை மாட்டிக்கொண்டு பிறந்த மீன் அது. தாய்லாந்துக்காரர்கள் 2019-இல் தங்கள் தேசிய நீர்வாழ் உயிரினமாக அதை அறிவித்தார்கள்; அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே அதைச் சண்டைக்கு விட்டுப் பந்தயம் கட்டினார்கள். இரண்டு ஆண்களைச் சேர்த்துப் போட்டால் செதில் பறக்கும். சரி, ஓர் ஆண் ஒரு பெண் என்று முறைப்படி ஜோடி சேர்த்தால்? ஆண் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும், முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் வைக்கும். அந்தக் கணத்தோடு தாம்பத்தியம் முடிந்தது. பிறகு பெண் அந்தப் பக்கம் தலைகாட்டினால் துரத்தித் துரத்திக் கடிக்கும். ஒன்றரை அடித் தொட்டியில் அவளுக்குப் பிறந்த வீடு ஏது? ஏஞ்சல் கதை நேர்மாறானது. இளம் ஏஞ்சலில் ஆண் எது பெண் எது என்று பார்வையால் சொல்வது ஏறத்தாழ இயலாது. ஆகவே ஜோடி என்று பையில் போட்டுத் தரப்படுவது வெறும் இரண்டு மீன். ஆறேழு ஏஞ்சல்கள் சேர்ந்து வளரும்போது அவையே தமக்குள் துணை தேடிக்கொள்ளும். அது முழுக்கக் காதல் திருமணம், வெளியார் நிச்சயிக்க இடமில்லை. அதிர்ஷ்டவசமாக ஜோடி சார் வாங்கியதே உண்மையான ஜோடியாக அமைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். முட்டை இட்ட மறுநிமிடம் தொட்டியின் முக்கால் பாகத்துக்கு அவை பட்டா எழுதிக்கொண்டு மற்ற பன்னிரண்டு மீன்களையும் ஒரு மூலைக்கு விரட்டிவிடும்.

இனி, இரண்டு போதாத மீன்கள். டைகர் பார்பும் நியான் டெட்ராவும் கூட்டத்தில் பிறந்து கூட்டத்தில் வாழ்கிறவை. டைகர் பார்ப் எட்டுப் பத்தாக இருந்தால் தன் வம்பைத் தன் இனத்துக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும். இரண்டே இரண்டாக விட்டால் ஒன்று ரௌடியாகும், மற்றது தலைமறைவாகும். ரௌடிக்கு அதுவும் சலித்தபின் ஏஞ்சலின் தொங்கும் மீசைத் துடுப்பும் கப்பியின் தாவணி வாலும் கண்ணில் படும். நியான் டெட்ரா இரண்டே இருந்தால் செடிக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும். அந்த நீலக் கோட்டுக்காகக் காசு கொடுத்தவர் அதைப் பார்ப்பதே அபூர்வமாகிவிடும். மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த மீனை, பதினைந்து சென்டிமீட்டர் வரை வளரும் ஏஞ்சல் ஒருநாள் பார்க்கும். வாயில் நுழைவதெல்லாம் உணவு என்பதுதான் மீன்களின் முழு அரசியல் சாசனம். மச்சநியாயம் என்று இதற்குப் பெயர் வைத்து, அரசன் இல்லாத நாட்டில் இதுதான் நடக்கும் என்று அர்த்தசாஸ்திரம் பயமுறுத்துகிறது. தொட்டி நாட்டுக்கு அரசர் ஜோடி சார். அவர் நீதி வழங்க வேண்டிய இடம் கடை. வீட்டுக்கு வந்தபின் வழங்குவது இரங்கல் மட்டுமே. கப்பியோ எண்ணிக்கையையே கேலி செய்யும். ஒரே பெண் இருந்தால் ஆண் அவளை மூச்சுவிடவும் விடாமல் சுற்றும் என்பதால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வைப்பார்கள். பெண் கப்பி ஆணின் விந்தணுவை மாதக்கணக்கில் சேமித்து வைத்து, ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடக்கூடியது. ஆண் செத்தபின்னும் அவருடைய வாரிசுகள் வந்துகொண்டிருப்பார்கள்.

மீதி இருப்பவை, இரண்டுமே அதிகம் என்ற வகை. சுத்தம் செய்ய வந்த சக்கர் கடையில் சுண்டுவிரல் அளவு இருக்கும். வளர்ந்தால் ஓர் அடியைத் தாண்டும். ஒன்றரை அடித் தொட்டியில் அது திரும்புவதற்கே ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அது பாசி தின்பது உண்மை. தின்பதைவிடத் தாராளமாகக் கழிப்பதும் உண்மை. துப்புரவுக்கு வந்தவர் போட்ட குப்பையை அள்ள இன்னொருவர் தேவைப்படுவார். பெரிதானதும் ஜோடி சாரின் இரக்கம் மறுபடி விழித்துக்கொள்ள, ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்; அப்படி விடப்பட்ட சக்கர் தென்னிந்திய நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, வலை வீசுகிறவர்களின் சாபத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது. தங்கமீன் குளிர்ந்த நீருக்கு உரியது. 20 டிகிரியை ஒட்டிய நீரில் சுகமாக இருக்கும். ஏஞ்சலும் ஃபைட்டரும் 26, 28 கேட்பவை. சென்னையின் மே மாதத் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும். 20 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரி நீர் தாங்குவது ஏழரைதான். உடம்பு பெருத்து மூச்சு வாங்கும் தங்கமீனுக்கு மூச்சுக்காற்று குறைவது அதே நேரத்தில்தான். சண்டையே போடாத இருவரும் ஒத்துவராமல் போவதற்கு இதுவே சான்று: முதல் பொருத்தம் மீனுக்கும் மீனுக்கும் அல்ல, மீனுக்கும் தண்ணீருக்கும்.

தண்ணீர் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டால் ஜோடி சாரே திடுக்கிடுவார். 18 அங்குல நீளம், 10 அகலம், 10 உயரம் உள்ள தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலும் பிடிப்பது சுமார் 29 லிட்டர். அடியில் கல் போட்டு மேலே ஓர் அங்குலம் விட்டால் 25 தேறும். நம் வீட்டுக் கணக்கில் இரண்டு குடம். பதினான்கு பேர் மூச்சுவிடுவதும் உண்பதும் கழிப்பதும் அந்த இரண்டு குடத்துக்குள். ஒரு காலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன் என்று மேல்நாட்டார் ஒரு பழைய சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டும் தப்ப முடியாது. நீளம் பத்து மடங்கானால் அகலமும் பருமனும்கூடப் பத்துப் பத்து மடங்காகும். பத்து அங்குல மீன் ஒன்று, அதே உருவமுள்ள ஓர் அங்குல மீன்கள் ஆயிரத்துக்குச் சமமான எடை. மீன் செவுள் வழியே வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தரும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலைந்து வாரம் பிடிக்கும். ஜோடி சார் வீட்டில் தொட்டிக்கும் மீனுக்கும் ஒரே நாளில் கிரகப்பிரவேசம்.

இதற்கெல்லாம் ஜோடி சாரிடம் பதில் இல்லாமல் இல்லை. “கடையில எல்லாம் ஒண்ணாத்தானே சார் இருந்துது?” என்பார். ஃபைட்டரைத் தவிர மற்றவை இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே இருந்தவை குஞ்சுகள், சில நாள் விருந்தாளிகள், நெருக்கிப் போடப்பட்டவை. நிற்க இடமில்லாத பேருந்தில் எல்லை வம்பு எழுவதில்லை. அதே பயணிகளுக்கு ஆளுக்கு ஒரு கிரவுண்டு கொடுத்துப் பாருங்கள், மறுநாளே வரப்புத் தகராறு. “ஆத்துல எல்லா மீனும் சேர்ந்துதானே வாழுது?” என்பது அடுத்தது. ஆற்றில் துரத்தப்பட்ட மீன் ஓடுகிறது, துரத்தியது பாதியில் திரும்பிவிடுகிறது. ஒன்றரை அடியில் ஓட்டம் தொடங்கும் முன்பே கண்ணாடி வந்துவிடும். “தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்” என்பது மூன்றாவது, மிகவும் நம்பப்படுவது. தன் கழிவிலேயே ஊறிய நீரில் மீன் குன்றிப்போவதைத்தான் இப்படி அழகாகச் சொல்கிறோம். சின்னச் சட்டை போட்டதால் பிள்ளை அடக்கமாக வளர்ந்தது என்பதைப் போன்றது இது. “என் மச்சான் வீட்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்பதற்கு மட்டும் ஒரு குறுக்குக் கேள்வி தேவை: எத்தனை வாங்கினார், எத்தனை இருக்கின்றன? தொட்டியில் மிஞ்சியவைதான் சாட்சிக்கூண்டில் ஏறுகின்றன. பூந்தொட்டியில் புதைக்கப்பட்டவை வாய் திறப்பதில்லை.

மதித்துப் பதில் சொல்ல வேண்டிய ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒற்றையாக விடுவது பாவம் இல்லையா, பல நிறம் இல்லாவிட்டால் தொட்டி எதற்கு? முதல் பாதியில் ஜோடி சாரின் மனசு சரி, கணக்குதான் தவறு. தனிமை மீனுக்கும் உண்டு. டெட்ராவுக்கு அது நிஜமான துன்பம். அதனால்தான் அதற்கு எட்டு வேண்டும், இரண்டு துணை ஆகாது. ஃபைட்டருக்கோ எல்லை காப்பதுதான் வாழ்க்கை. அதற்குத் துணை என்பது அத்துமீறல். இரக்கத்துக்கும் இனவாரியான எண்ணிக்கை உண்டு. இரண்டு குடம் தண்ணீர்தான் வசதி என்றால் ஒரு ஃபைட்டர், ஒன்றிரண்டு நத்தை, கொஞ்சம் செடி. தொட்டி நிறைந்த மாதிரிதான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று 56 லிட்டர் தொட்டி வைக்க முடிந்தால் நிறத்துக்கும் பஞ்சமில்லை. உப்பும் கடினமுமான போர்த் தண்ணீர் வரும் வீட்டில் கப்பியும் பிளாட்டியும் பிறந்த வீடு போல இருக்கும். பெண் கலக்காமல் ஆண் கப்பி மட்டும் வாங்கினால் வண்ணமும் மிஞ்சும், மக்கள்தொகையும் கட்டுக்குள் நிற்கும். மென்மையான தண்ணீர் கிடைக்கும் வீட்டில் நடுமட்டத்தில் நீந்த எட்டு டெட்ரா, தரையில் மேய ஆறு கோரிடோரஸ். ஏழு இனத்தில் இரண்டிரண்டு போட்டால் கிடைப்பது சந்தை. ஓரினத்தில் எட்டு போட்டால் அவை சேர்ந்து திரும்பும் அந்த ஒரு திருப்பத்துக்கே காசு சரியாகிவிடும்.

இந்தப் பாடம் புதிதும் அல்ல. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறு தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வைத்துச் சோதித்து, முடிவை 1850-இல் வெளியிட்டார். கவனியுங்கள், அவரும் ஜோடியில்தான் தொடங்கினார். செடி ஆக்சிஜன் தரும், மீன் செடிக்கு உரம் தரும், கணக்கு சரியாகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் உதிர்ந்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அவர் இன்னொரு ஜோடி மீன் வாங்கப் போகவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நத்தை அழுகலைத் தின்றது, நத்தையின் முட்டை மீனுக்கு இரையானது, தண்ணீர் தெளிந்தது. வீட்டுத் தொட்டியின் பொருத்தம் கைகூடியது, யாரும் அழகு என்று திரும்பிப் பார்க்காத மூன்றாவது ஆளால். கடையில் ஜோடி சார் விரல் நீட்டாத இடங்களில்தான் தொட்டியின் உயிர் இருக்கிறது: செடியில், நத்தையில், ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவில்.

இவ்வளவு சொன்ன பிறகும் வழக்கத்தை விட முடியாது, ஜோடியாக ஏதாவது வாங்கினால்தான் வீட்டுக்கு லட்சணம் என்று அவர் அடம்பிடிக்கலாம். அந்த ஆசையும் நிறைவேற வழி இருக்கிறது. வாரம் ஒருமுறை தொட்டியில் கால்பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். எடுத்ததை ஊற்ற ஒரு பாத்திரம், குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக முதல்நாள் இரவே பிடித்து வைக்க இன்னொன்று. ஆகவே, வரும் ஞாயிறு ஜோடி சார் மீன் கடைக்குப் பக்கத்துக் கடையில் ஏறி, வழக்கமான கம்பீரத்தோடு, “தம்பி, வாளி ரெண்டு போடு” என்று சொல்லலாம்.